ஓடையில் குறைந்த உப்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்

காட்டு ஓடை இன்று என்னை நன்றாகப் பேய்க்காட்டிவிட்டது. வீட்டில் நிறுத்துக் கட்டிவைத்த அரைக் கிலோ உப்பை மேலே கரைத்து ஊற்றிவிட்டு, கீழே நின்று நீரிலுள்ள உப்பை மீட்டரால் அளந்தேன். உப்பு எவ்வளவு நீர்த்துப்போகிறதோ, அதை வைத்துத்தான் ஓடும் நீரைக் கணக்கிடுவோம். ஒரு கிழமையாக மழையே இல்லை. ஓடையில் நட்ட அளவுகோலிலும் நீர் ஏறவில்லை. என் கணக்கில் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் நீர்! கூட வேலை செய்யும் பிரியா, நாளைக்கே மீட்டரைத் திருத்த அனுப்பப்போவதாகச் சொன்னாள்.

மீட்டரைத் திட்டிக்கொண்டே ஸ்காபரோவில் வீட்டுக்கு வந்தால், குசினியில் புதிதாக ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய்.

"அம்மா, என்ர உப்புப் பையைத் தொட்டனீங்களோ?"

"ஓம், வீட்டில உப்பு முடிஞ்சுது. மூண்டு பிடிதான் எடுத்தனான். நீ உதைத் தண்ணியிலதானே கொட்டுறனி?"

அடுத்த கிழமைக்கு வைத்திருந்த உப்பில் மூன்று பிடி அள்ளித் தராசில் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார். அந்த எடையை அரைக் கிலோவிலிருந்து கழித்துப் பார்த்தேன். கணக்கு அளவுகோலோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

மீட்டரை அனுப்ப வேண்டாம் என்று பிரியாவுக்குச் செய்தி போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கிறாள். நாளை ஊறுகாயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.