ஆவணியில் வந்த கடிதம்

பாலசமுத்திரம்
8-1-1957

அன்புள்ள மாமாவுக்குத் தாட்சாயணி வணங்கி எழுதியது.

நான், உங்கள் அண்ணார், அண்ணி கமலம்மா அக்கா, மாடு கன்று எல்லாரும் சுகம். குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி நீங்கள் போனது ஆனி மாதம். தசராவுக்கு வருவீர்கள் என்று பார்த்தேன். தெலுங்குப் பரீட்சை என்றீர்கள். பொங்கலுக்காவது வாருங்கள். நாற்பத்தெட்டு வயசுக்காரி புருஷனைக் கூப்பிடுகிறாளே என்று சிரித்தால் சிரியுங்கள்.

ஒரு சங்கதி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில், நெஞ்சுக்குள் அடுப்புப் பற்றவைத்த மாதிரி சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காதெல்லாம் எரிகிறது. ரவிக்கை நனைந்து போகிறது. மார்கழிக் குளிரில், மாமா! பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டால்தான் அடங்குகிறது. பகலில் தலை கிறுகிறுக்கிறது. யார் என்ன சொன்னாலும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது.

ஐப்பசிக்குப் பிறகு நான் வெளியே உட்காரவில்லை. அது நிற்கிற வயசுதான். அதனால்தான் இப்படியோ என்னவோ. ஆண்பிள்ளைக்கு எழுதுகிற விஷயமில்லை. ஆனால் உங்களை விட்டால் யாரிடம் சொல்வேன்? அங்கே டாக்டர் யாரையாவது கேட்டு எழுதுங்கள்.

ஊர் மெட்ராஸுக்குப் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று உங்கள் அண்ணார் தினமும் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வருகிறார். எந்தப் பக்கம் போனாலும் போகட்டும், எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வந்தால் போதும்.

தங்கள் பிரியமுள்ள,
தாட்சாயணி


குப்பம்
21-1-1957

சௌபாக்கியவதி தாட்சாயணிக்குக் கோவர்த்தனன் ஆசீர்வாதம்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. பரீட்சை தேறாவிட்டால் சம்பளம் ஏறாது. ஐம்பத்திரண்டு வயசில் தெலுங்கு எழுத்து எழுதிப் பழகுகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளே பிழை திருத்துகிறார்கள். நல்ல வேடிக்கை.

கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடி, தூக்கம் வரும். வேளைகெட்ட வேளையில் கிணற்றடிக்குப் போகாதே. நீ புழக்கடைக் கதவைத் திறந்துகொண்டு போவதைப் பற்றி அண்ணார் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அதை எழுதக் கை கூசுகிறது. ஐப்பசியிலிருந்து நீ வெளியே உட்காரவில்லை என்று அண்ணி கணக்கு வைத்திருக்கிறாளாம். நான் ஊரை விட்டு வந்தது ஆனியில். இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கிறார். நான் கேட்கவில்லை. ஆனாலும் பதில் எழுது.

கோவர்த்தனன்


பாலசமுத்திரம்
29-1-1957

மாமாவுக்கு,

"நான் கேட்கவில்லை. ஆனாலும் பதில் எழுது." இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைத்தானே போன கடிதத்தில் நானே வெட்கத்தை விட்டு உங்களுக்கு எழுதினேன்? அதையே அண்ணார் எழுதினால் மட்டும் வேறு அர்த்தம் வந்துவிடுமா?

முந்தாநாள் அக்கா மருத்துவச்சி வெங்கடலட்சுமியைக் கூட்டிவந்து கூடத்தில் நிறுத்தினாள்.

"இன்னாடி, ராவெல்லாம் கெணத்தாண்ட சுத்திக்கினு கீறே, காலைல சோத்தக் கண்டா மொகத்தத் திருப்பிக்கினு போறே. வயித்துல கை வெச்சுப் பாத்துடட்டும்" என்றாள்.

"நான் இன்னா சந்தையில கட்டின மாடா, புடிச்சுப் பாக்கறதுக்கு? எவ கைய வெச்சாலும் ஒடிச்சுடுவேன்" என்றேன்.

அவ்வளவுதான். தொடவிடவில்லை, அதனால் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. முப்பது வருஷமாக வராத பிள்ளை எனக்கு இப்போது வந்துவிட்டதாம்! எனக்குச் சோறு தனியாக வைக்கிறார்கள். புழக்கடைக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் அண்ணார் இடுப்பில் முடிந்துகொண்டார். சூடு கிளம்பினால் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். சுவராவது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது.

அண்ணாரை விடுங்கள், அக்காவை விடுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

தாட்சாயணி


குப்பம்
11-2-1957

தாட்சாயணிக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு உன்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் ஊர் வாயை மூட வேண்டாமா? இங்கே பள்ளிக்கூடம் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அண்ணார் ஒரு வழி சொல்கிறார். மாசி அமாவாசைக்குக் காணிப்பாக்கம் வந்துவிடு. அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. குளத்தில் மூழ்கி, ஈரத்துணியோடு போய் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல். அண்ணாரும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் வருவார்கள். நானும் லீவு போட்டு வருகிறேன்.

உன்மேல் தப்பு இல்லையென்றால் பயம் எதற்கு?

கோவர்த்தனன்


திருச்சானூர்
6-3-1957

மாமாவுக்கு,

நான் சத்தியம் செய்யாமல் குளத்துப் படியிலிருந்து நேரே பஸ்ஸுக்கு நடந்துவிட்டதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஏன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

செய்துவிடலாம் என்றுதான் வந்தேன். பிள்ளையாரிடம் எனக்கு என்ன பயம்? அவருக்குத் தெரியும். மூழ்கி எழுந்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்து, எத்தனையோ மாதத்துக்கப்புறம் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. படியேறும்போது உங்களைத் தேடினேன். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன் அல்லவா! நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை மாமா. ஈரப்புடவை ஒட்டியிருந்த என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் நான் யாருக்குச் சத்தியம் செய்ய?

இங்கே என் அக்கா ரத்னம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்றுத் திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்தம்மா பார்த்துவிட்டு, தீட்டு நிற்கிற வயசில் நிறையப் பெண்களுக்கு இப்படித்தான் தூக்கம் கெடும், சூடு ஏறி இறங்கும், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட இருக்கும், பயப்படாதே என்றார். எனக்குப் பேய் பிடிக்கவில்லை, பைத்தியமும் இல்லை என்று கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட, "வயிற்றில் ஒன்றுமில்லை என்று எழுதித் தரட்டுமா, உன் வீட்டுக்காரருக்கு அனுப்புகிறாயா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அக்கா வீட்டில் விடியுமுன்பே பூக்கட்ட ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், எல்லாரும் என் வயசு. "தூக்கம் வர்லன்னா எழுந்து வந்து நாரக் கிழி, கெணத்தாண்ட இன்னா வேல?" என்று கேலி செய்கிறார்கள். ஒருத்தி விசிறிக்கொள்ள ஆரம்பித்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் கூப்பிட்டால் வருவேன். சத்தியம் இல்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல், சும்மா வா என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

தங்கள்,
தாட்சாயணி


குப்பம்
26-8-1957

அன்புள்ள தாட்சாயணிக்கு அநேக ஆசீர்வாதம்.

இத்தனை நாள் எழுதாததற்கு என்ன சமாதானம் சொல்வேன்! பரீட்சை, பள்ளி வேலை, அண்ணார் ஒரு பக்கம். மனசு சரியில்லை. மன்னித்துவிடு.

இப்போது ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அண்ணியே, "நாந்தான் தப்பா நெனச்சுக்கினு இருந்தேன்" என்று சொல்கிறாளாம். அண்ணார் வெட்கப்படுகிறார். எனக்குத் தெலுங்கு தேறிவிட்டது. புத்தூருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. நாம் இருவர் மட்டும் இருக்கத் தனி வீடு பார்த்திருக்கிறேன். புழக்கடையில் கிணறு இருக்கிறது. எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்றிக்கொள், நானே இறைத்துத் தருகிறேன்.

எனக்கும் இப்போது தூக்கம் வருவதில்லை தாட்சாயணி. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. திருச்சானூருக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

உன் கோவர்த்தனன்


திருச்சானூர்
4-9-1957

மாமாவுக்கு,

கிணறு உள்ள வீடு என்று படித்ததும் அழுகை வந்துவிட்டது. பெட்டியில் புடவைகளைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

பிறகு கமலம்மா அக்கா மாதிரி நானும் விரல்விட்டு எண்ணினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று எண்ணிக்கொண்டு வந்தால் ஆடியோடு பத்து மாதம் முடிகிறது. உங்கள் கடிதம் ஆவணியில் வந்திருக்கிறது.

பங்குனியில் வா என்று ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். சித்திரையில், வைகாசியில் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிக் கடைசி நாளில் வந்திருந்தால்கூட ஏறியிருப்பேன் மாமா, நிஜமாகச் சொல்கிறேன். நீங்கள் பத்து மாதமும் முழுசாக முடியட்டும், எனக்கு ஒன்றும் பிறக்கவில்லை என்று தெரியட்டும் என்று பொறுத்திருந்து எழுதியிருக்கிறீர்கள்.

புடவைகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன்.

எனக்கு இன்னும் சில ராத்திரிகளில் சூடு கிளம்பத்தான் செய்கிறது. கதவைத் திறந்துகொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து படுக்கிறேன். அக்கா புரண்டு படுத்து, "தண்ணி சில்லுனு கீதா?" என்கிறாள். இருக்கிறது என்கிறேன். அதோடு அவள் தூங்கிவிடுகிறாள், பல நாள் நானும் தூங்கிவிடுகிறேன்.

நீங்கள் கசகசாப் பால் குடியுங்கள். புத்தூர் வீட்டுக்கு நான் வரவில்லை.

தாட்சாயணி