வேலாயுதத்தின் நெற்றி

12.6.1996
வேலாயுதத்துக்கு எண்ணெய் தேய்த்து, உடம்பு துடைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து என் மகனுக்குக் கண் மட்டும்தான் அசைகிறது. அவன் ‘அம்மா’ என்று கூப்பிட்டு வருஷமாகிறது.

அவன் மகள் சீதா யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். கண் அசைந்தால் தோலில் துளி கரண்ட் வருமாம். அதைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் எழுத வைக்கலாமாம். அவளே செய்தது! பிரிக்பீல்ட்சில் யார் வீட்டுப் பேத்திக்கு இது வரும்? பாசாரில் மீன்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

15.6
நெற்றியில் இரண்டு, கண்ணுக்குக் கீழே ஒன்று – கரண்டைப் பிடிக்கும் வில்லைகள் ஒட்டினாள். கம்ப்யூட்டரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். வேண்டியது வரும்போது அவன் கண்ணை மேலே தூக்கவேண்டும். தூக்கினான். கம்ப்யூட்டர் என்னமோ கிறுக்கியது.

19.6
இன்றும் வெறும் கிறுக்கல்தான். சீதா சாப்பிடவில்லை.

23.6
விடியுமுன்னே பத்துமலைக்குக் கிளம்பியதால் அவனுக்கு எண்ணெய், திருநீறு ஒன்றும் இல்லை. முருகா, ஒரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் வேண்டினேன்.

திரும்பினால் சீதா வாசலிலேயே நின்றாள். இன்றைக்கு அப்பா மேலே பார்த்தால் கம்ப்யூட்டரில் கோடும் மேலே ஏறுகிறதாம். ஓடிப்போய்க் கோயில் திருநீற்றை அள்ளி அவனுக்குப் பூசினேன். வில்லை கழன்று விழுந்தது. கோடும் போச்சு.

சீதா விழுந்த வில்லையை எடுத்துத் துடைத்தாள். “கோவிச்சுக்காதீங்க பாட்டி. துண்ணூறும் எண்ணெயும்தான் ஒட்ட விடமாட்டேங்குது லா.”

24.6
வெறும் நெத்தியோட புள்ளைய எப்படிப் பாக்குறது? அவங்கப்பா செத்த அன்னிக்குக்கூடப் பூசிவிட்டேனே. முருகா, ஒன் அடையாளத்த அழிச்சாத்தான் எம்புள்ள என்னையக் கூப்புடுவானா?

25.6
துடைத்தேன். சோப்புப் போட்டு.

30.6
‘அ’ வெளிச்சமானபோதெல்லாம் அவன் கண்ணையே பார்த்தேன். தாண்டிப் போனது. வேறு எழுத்துகளுக்குக் கண்ணைத் தூக்கினான், ஒவ்வொன்றாக. சீதா வாய்விட்டுப் படிக்கவில்லை. என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு எதற்கு இருக்கிறது? நானே கூட்டிப் படித்தேன்.

துண்ணூறு.

அம்மா என்று கூப்பிடவில்லை. ஆனால் அதை என்னிடம் தவிர வேறு யாரிடம் கேட்பான்?

7.7
இப்போதெல்லாம் வில்லையைக் கழற்றிய பிறகுதான் பூசுகிறேன். இன்று ஒட்டியதும் முதலில் எழுதினான்: கொஞ்சமா பூசு. கண்ணுல விழுது.

இத்தனை நாளும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சீதா சிரித்தாள். நானும்.

‘அ’ இன்னும் தாண்டித்தான் போகிறது.