குப்புறப் பறந்த நாட்கள்

ஜனவரி 8

காலை முழுக்க டாஃபடில் பூக்களைக் கட்டுப் போட்டேன். பத்துத் தண்டுக்கு ஒரு ரப்பர் வளையம். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். காதிலே ஒரு பையன் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பிரான்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தான். கீழே கடல் தகரத்தை அடித்து விரித்த மாதிரி இருந்ததாம். இந்தப் பூக்கொட்டகையில் சேர்ந்த நாளிலிருந்து விமானப் புத்தகங்களைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். மற்றப் பெண்களுக்குக் காதல் கதை, கொலைக் கதை. எனக்கு மேகத்துக்கு மேலே போக வேண்டும். இத்தனைக்கும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாதவள் நான்.

மேற்பார்வைக்காரி என் கட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் ஒன்பது, இன்னொன்றில் பன்னிரண்டு. "ஹேசல், எங்க பறந்துக்கிட்டிருக்கே?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். எண்ணும்போது நடுத்தண்டு காணாமல் போய்விடுகிறது.

இங்கே எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள். இடது கண்ணில் ஓட்டை. விழித்திரைக்கு நட்டநடுவில். வலது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி, அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் புருஷன் ரால்ஃப் நிற்கிறான் — தொப்பி இருக்கிறது, இரண்டு காதும் இருக்கிறது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சுழி. முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகம். காதைப் பார்த்தால் ஓரத்தில் முகம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பிடிக்கலாம் என்று திரும்பினால் ஓடிவிடுகிறது.

"என்னடி, என் காதையே பாத்துக்கிட்டிருக்கே?"

"அழகா இருக்கு, அதான்."

ஜனவரி 14

நாளை மறுநாள் ஆபரேஷன். கண்ணுக்குள்ளே ஒரு வாயுக் குமிழை வைப்பார்களாம். அது மேலே மிதந்து ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு நான் ஒரு வாரம் தரையைப் பார்த்தபடி குப்புறக் கிடக்க வேண்டும். தின்பது, தூங்குவது எல்லாம் அப்படியே. "பெரும்பாலும் ஒட்டிக்கும்" என்றார் டாக்டர். பெரும்பாலும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தேன்.

ஒட்டாவிட்டால்? இனி எந்த முகமும் இல்லை. அவன் முகமும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். குமிழ் கரைகிறவரை பறக்கக் கூடாது. உயரத்தில் வாயு விரியுமாம், கண் தாங்காது. ரால்ஃப் என் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருந்த விமானச் சீட்டு அலமாரியில் கிடக்கிறது. இரண்டு இறக்கை அடுக்கிய பழைய பயிற்சி விமானம், முன் இருக்கை, பிப்ரவரி இரண்டாம் தேதி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. "சீட்டு எங்கேயும் ஓடாது. தேதிய மாத்திக்கலாம்" என்றான் ரால்ஃப்.

ஜனவரி 16

முடிந்தது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டியிருக்கிறார்கள். நர்ஸ் பெவர்லி வாசித்துக் காட்டினாள்: பறக்கக் கூடாது. "எங்கயாவது பறக்கப் போறதா உத்தேசமா?" என்று கேட்டாள். தினமும்தான் பறக்கிறேன் என்றேன்.

ஜனவரி 17

கழுத்து. கழுத்து. கழுத்து.

ஜனவரி 18

ரால்ஃப் ஒரு காரியம் செய்தான். கொட்டிலில் கிடந்த பழைய கதவை எடுத்து, முகம் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை அறுத்து, ஓரத்தில் துண்டைச் சுற்றி, இரண்டு பெஞ்சுகளுக்கு மேலே போட்டான். வடிகால் வாரியத்தில் வாழ்நாள் முழுக்க மண்வெட்டி இயந்திரம் ஓட்டியவன். எதையும் தோண்டாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. நான் கதவின்மேல் குப்புறக் கிடக்கிறேன். முகம் ஓட்டையில். கீழே கம்பளத்தில் டீ, உறிஞ்சுகுழல், புத்தகம் வாசிக்கிற பெட்டி, இந்த நோட்டு. கையைத் தொங்கவிட்டு, தடிப் பேனாவால், சோம்பேறிக் கண்ணை நம்பி எழுதுகிறேன். எழுத்தெல்லாம் யானை சைஸில் வருகிறது.

புதுப் புத்தகம் தொடங்கினேன். லங்காஸ்டர் விமானத்தில் ஜெர்மனிக்குப் போய்க் குண்டு போடுகிற பையன் ஒருவனின் கதை. அவன் விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வேலை செய்வானாம். அடியில் ஒரு வட்டக் கண்ணாடி. அதன் வழியாகப் பூமி!

கேட்டதும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ரால்ஃப் ஓடி வந்தான். "வலிக்குதா?" இல்லடா கிழவா, எனக்கு வேலை கிடைச்சிருக்கு.

ஜனவரி 19

குனிந்த தலையோடு கழிப்பறைக்குப் போவது ஒரு பெரிய படையெடுப்பு. கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். அப்புறம் ரால்ஃபுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: விமானத்தில் அந்த இரைச்சலில் இடதா வலதா என்று குழம்பாமலிருக்க, குண்டு போடுகிறவன் இடது என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்வானாம். வலது ஒரே தடவை, இழுத்து.

இப்போது அவன் எனக்குப் பின்னாலே வந்துகொண்டு, "இடது இடது… வலதூ… அப்படியே… அப்படியே…" என்கிறான். கழிப்பறை வாசலில், "இலக்கு வந்தாச்சு, போட்டுடு" என்றான். சிரித்துச் சிரித்துக் கண் வலித்தது. சிரிக்கவைக்காதே என்று திட்டினேன்.

ஜனவரி 20

மழை. கணப்பில் கரி. குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரால்ஃப் அந்தக் குரலுக்கு 'உன் ஆள்' என்று பெயர் வைத்திருக்கிறான். "உன் ஆளோட இருக்கியா, நான் கடைக்குப் போகட்டுமா?" நல்ல குரல்தான், மறுக்கவில்லை. கதையில் விமானம் கிளம்பும் நேரம் அதில் இருக்கிற ஏழு பேரும் வரிசையாகத் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். என்னையும் சேர்த்து எட்டு.

கம்பளத்தில் பழுப்பும் பச்சையுமாகக் கட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வயல்களாகிவிடுகின்றன. இது கோஸ், இது பீட் கிழங்கு, அந்தக் கோடு ரால்ஃப் தூர்வாரிய கால்வாய். தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. வீடே கிளம்பிவிட்டது. கதவு ஆடிற்று. குமிழ் நட்டநடுவில் வட்டமாக, நிலா மாதிரி நின்றது. கடற்கரையைத் தாண்டினோம். யாரோ மெதுவாகச் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள், வடகடலுக்கு நடுவில்.

ஜனவரி 21

இன்று ஒரு வரி. குரல் அதை அழுத்திக்கூடச் சொல்லவில்லை, வாசித்துக்கொண்டு போய்விட்டது: 'அந்த உயரத்தில் யாருக்கும் முகம் இல்லை.'

பெட்டியை நிறுத்திவிட்டேன். அந்தப் பையனுக்கு மேலே போனதால் முகம் இல்லை. எனக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்தும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். வேட்டை, துரத்தல், சூறாவளி எல்லாவற்றுக்கும் ரால்ஃப் அறையில் இருக்கிறான். குண்டு விழப்போகிறது என்றால் எழுந்துவிடுகிறான். கணப்புக்குக் கரி எடுக்க, கோழிக்குத் தீனி போட. இன்று மட்டும் மூன்று தடவை கரி. அவனுடைய அப்பா எர்ன்ஸ்ட் இங்கே ஜெர்மன் போர்க்கைதியாக வந்தவர். பீட் வயலில் வேலை செய்து, சண்டை முடிந்தும் திரும்பிப் போகாமல், இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டவர். ஜெர்மனியில் அவர் ஊர் காஸல். எத்தனை புத்தகத்தில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பேன்? வரைபடத்தில் குத்திய ஒரு குண்டூசி மாதிரி. மாமனார் ஊர் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. என்ன பெண் நான்?

ஜனவரி 22

போச்சு. எல்லாம் போச்சு. இணைய நூலகத்து இரவல் கெடு முடிந்து புத்தகம் தானாகவே பெட்டியிலிருந்து திரும்பிப் போய்விட்டது. அடுத்து யாரோ காத்திருக்கிறார்களாம். கடைசி அத்தியாயம் பாக்கி. விமானம் கிளம்பிவிட்டது, வானத்தில் அப்படியே தொங்குகிறது. எனக்கு அழுகை வந்தது — அழக்கூடாதாம், கண்ணுக்கு ஆகாதாம். எதுதான் ஆகும் இந்தக் கண்ணுக்கு? குப்புறக் கிட, குனிஞ்சு தின்னு, பறக்காதே, அழாதே. ஒட்டுதா ஒட்டலையான்னு எவனும் சொல்லமாட்டேங்கிறான்.

ரால்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஜனவரி 23

நேற்று அவன் ஸ்பால்டிங் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தையே, காகிதப் புத்தகத்தை, வாங்கிக்கொண்டு வந்தான். "உன் ஆள் ஓடிப்போயிட்டான். நான்தான் மிச்சம்" என்று நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

ரால்ஃப் புத்தகம் வாசிக்கிறவன் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். வரிக்கு அடியில் விரலை வைத்து, தடுக்கித் தடுக்கி வாசித்தான். ஓட்டை வழியாக எனக்கு அவனுடைய காலுறைகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. வலது காலுறையில் கட்டைவிரல் வெளியே வந்திருந்தது.

மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று. காஸல். அதை அவன் தன் அப்பா உச்சரிக்கிற மாதிரியே சொன்னான். 'என் ஆள்' அந்தப் பெயரை அப்படிச் சொன்னதில்லை.

"ரால்ஃப், வேணாம். விட்டுடு."

"சும்மா கிடடி."

வாசித்தான். இடது இடது. வலது. அப்படியே. பையன் பொத்தானை அழுத்தினான். ரால்ஃபின் கால் கட்டைவிரல் கம்பளத்துக்குள் புதைந்தது. வாசிப்பதை நிறுத்தினான். கரி எடுக்க எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அப்பாவோட தங்கச்சி அங்கதான் இருந்தா. லீஸல். பத்து வயசு" என்றான். "ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. பீட் வயல்ல, குனிஞ்சபடியே. அவ மொகம் ஞாபகம் இல்லடா, சடைதான் ஞாபகம் இருக்குன்னாரு."

நான் கையை நீட்டினேன். கணுக்கால்தான் எட்டிற்று. பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இருந்த ஆசையை எழுத முடியாது. நிமிர்ந்தால் போதும், ஒரே நொடி. நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் அங்கே சுழிதான் இருக்கும் என்ற பயம் ஒரு பக்கம்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றேன்.

"ஆறு பக்கம். அந்தப் பையன் வீடு வந்து சேர்ந்தானான்னு பாக்க வேணாமா?" மூக்கை உறிஞ்சினான். "அவனும் பையன்தானே. இருபது வயசு."

ஆறு பக்கத்தையும் வாசித்தான். வடகடல், ஒரு எஞ்சின் நின்றுபோனது, மூடுபனி, கடைசியில் நம்ம லிங்கன்ஷயர் கரை. இறங்கிவிட்டார்கள், ஏழு பேரும். "நல்லது" என்று புத்தகத்தை மூடிவிட்டு டீ போடப் போனான்.

ஜனவரி 24

நிமிர்ந்து உட்காரலாம் என்றார்கள். வானம்! ஆனால் மங்கல்.

ஜனவரி 29

குமிழ் கரையத் தொடங்கிவிட்டது. மேலே மெல்லிய வெளிச்சக் கோடு, கீழே எல்லாம் கலங்கல். நடந்தால் கோடு அலை மாதிரி ஆடுகிறது. மேகக் கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கிறவர்கள் பார்ப்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கோட்டுக்கு மேலே ரால்ஃபின் தொப்பி தெரிகிறது. நேராகப் பார்க்கும் இடம் இன்னும் மேகத்துக்கு அடியில். அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பிப்ரவரி 2

பிறந்தநாள். பிளம் ரொட்டி, சீஸ். ரால்ஃபின் நெற்றி தெரிந்தது.

பிப்ரவரி 4

காலை. அவன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். திரும்பினான். கோடு நடுவைத் தாண்டி இறங்கியிருந்தது.

மூக்கு இருந்தது. கொஞ்சம் கோணலாக இருந்தது. இருந்தது.

அவனிடம் சொல்லவில்லை. முட்டை தீய்கிறது என்றேன்.

பிப்ரவரி 13

ஓட்டை மூடிவிட்டதாம். டாக்டர் படம் காட்டினார். கோடுகள் கொஞ்சம் வளைந்துதான் தெரியும், அது போகாமலும் இருக்கலாம் என்றார். குமிழ் முழுக்கக் கரைந்துவிட்டது. பெவர்லி பச்சைப் பட்டையை வெட்டினாள். "இனிமே பறக்கலாம்" என்றாள்.

மார்ச் 19

கொட்டகைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இப்போதும் விமானப் புத்தகம்தான். குண்டு விழுகிற இடம் வந்தால் மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். மேற்பார்வைக்காரி முறைக்கிறாள். முறைக்கட்டும்.

ஏப்ரல் 27

போனேன்! பறந்தேன்!

தோல் தொப்பி, கண்ணாடி, முன் இருக்கை. ஓட்டியது இமோஜென் என்ற சின்னப் பெண், பின்னாலிருந்து காதுக்குள் பேசினாள். புல் ஓடிற்று, தடதடத்தது, பிறகு தடதடப்பு நின்றுபோனது. அவ்வளவுதான், நான் மேலே இருந்தேன். காற்று கன்னத்தில் அறைந்தது. இத்தனை வருஷம் காதால் கேட்டதெல்லாம் உண்மைதான், ஒன்றைக்கூட அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை. கீழே கட்டங்கட்டமாக என் கம்பளம். ரால்ஃபின் கால்வாய்கள் வெயிலில் மின்னின, ஒவ்வொன்றும் என் கண்ணுக்குக் கொஞ்சம் வளைந்து. வாயைத் திறந்து கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

இமோஜென் திடலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "உங்க ஆள் கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிறாரு பாருங்க" என்றாள். பார்த்தேன். வேலைக்குப் போடுகிற ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். ஆரஞ்சில் ஒரு புள்ளி. அதற்கு மேலே இன்னொரு சின்னப் புள்ளி.

முகம் இல்லை.

எனக்குத் தெரியும், அங்கிருந்து எவ்வளவு நல்ல கண்ணுக்கும் தெரியாதுதான். இருந்தாலும் தேடினேன். அந்தப் பையனுக்குக் கீழே எத்தனை புள்ளிகள் இருந்திருக்கும். சடை போட்ட புள்ளி ஒன்று.

"இமோஜென், இறக்கிடும்மா."

"இன்னும் நேரம் இருக்கே! கடற்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

"தெரியும். நல்லாத்தான் இருக்கு. இறக்கிடு."

இறக்கையிலிருந்து கால் வைக்க இடம் தெரியாமல் தடவினேன். அதற்குள் ரால்ஃப் மூச்சு வாங்க ஓடிவந்து, "இடது இடது… வலதூ… அப்படியே" என்று கையைப் பிடித்தான். "என்ன ஆச்சு? பயந்துட்டியா? பாதியிலயே வந்துட்டே?"

கண்ணாடியைக் கழற்றினேன். அவன் நெற்றி, புருவம், கண், காற்றுக்குச் சிவந்த கன்னம்.

"மூக்கு கொஞ்சம் கோணலாத் தெரியுது" என்றேன்.

"அது எப்பவுமே கோணல்தான்டி. வா, டீ குடிக்கப் போலாம்."

"இரு" என்றேன்.