வயநாட்டு லாரியில் ஏற்றியவை

கழக்கூட்டம்,
திருவனந்தபுரம்.

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா?

வயநாட்டில் மலை சரிந்து ஊரே போன சேதியை டிவியில் பார்த்திருப்பாய். பயப்படாதே, அது இங்கிருந்து ரொம்பத் தூரம். நான் வாட்ச்மேனாக நிற்கும் அடுக்குமாடியில், நிவாரணச் சாமான் கேட்டு, அங்கே குடியிருக்கும் ஷிஜா டீச்சர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். இரண்டு நாளாக யாரும் எதுவும் தரவில்லை. "சேட்டா, நீங்க வீடு வீடா போய்ச் சொல்லுங்க. நேரா கேட்டா எல்லாரும் தரும், கேட்டோ" என்று என்னை அனுப்பினார்.

நாற்பது கதவையும் தட்டினேன். இரண்டாம் மாடி சார் கிழிந்த சட்டைகளை நீட்டினார். "சாரே, எல்லாம் போன மனுஷங்க. இதையா கொடுக்கிறது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் உள்ளே போய், உறை பிரிக்காத கம்பளி இரண்டு கொண்டுவந்தார். "பேரெந்தா?" என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் என் பேரைக் கேட்டது அவர்தான். அதற்குப்பிறகு பல வீடுகளில் உட்காரவைத்துச் சாயா தந்தார்கள்.

சாமான் ஏற்றிய லாரி வயநாட்டுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து கதவெல்லாம் பழையபடி சாத்தித்தான் இருக்கிறது.

ஊரெல்லாம் கேட்டவன் தான் ஒன்றும் தராமல் இருக்க முடியுமா? நீ கொடுத்த நீலப் போர்வையையும் ஏற்றிவிட்டேன். திட்டாதே. நீ புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, இப்போது போர்த்துகிறதை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு.

டூட்டிக்கு நேரமாகிறது. அந்தப் போர்வையைத் துவைக்க வேண்டாம், அப்படியே கொடு.

தங்கபாண்டி