நெற்றி காட்டாத முகம்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்து எழும்பிய வேளையில் போனில் உன் முகம் வந்தது. கொட்டாஞ்சேனைக்கு மேலே மழை மூட்டம். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டிருந்தது. என் அறை தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. நீ கொஞ்சம் மெலிந்திருந்தாய்.

"மம்மி, நான் ஒரு சிக்கல்ல மாட்டிட்டன். உங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கெதியாச் சொல்லுங்கோ" என்றாய். உன் குரலேதான்.

சொல்லத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அதற்கு முன், பழைய வழக்கத்தில், உன் நெற்றியில் சிலுவை போடப் பெருவிரலைத் திரைக்குக் கொண்டுபோனேன். முந்தியெல்லாம் நீ உடனே குனிந்து நெற்றியைத் தருவாயே, அந்த முகம் குனியவில்லை. "நம்பர், நம்பர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது நீயில்லை.

பக்கத்து வீட்டு றோஸியிடம் சொன்னேன். "கள்ளன்மார் இப்ப பாங்க் காசை எடுக்க முகத்தையும் குரலையும் கொம்பியூட்டரில செய்யிறாங்கள் அன்ரி. விளங்கின உடன கட் பண்ணினீங்கள்தானே?" என்று கேட்டாள்.

ஓம் என்று பொய் சொன்னேன்.

கட் பண்ணவில்லை, மகன். நம்பரைச் சொல்லாமல், அந்த முகம் தானாக மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் முகத்தைப் பார்த்து இரண்டு நத்தார்ப் பண்டிகை போய்விட்டது.

கோபம் தீர்ந்தால் ஒரு தரம் வீடியோ கோல் எடு. ஒன்றும் கதைக்க வேண்டாம். நெற்றியை மட்டும் காட்டு.

பெருவிரலோடு காத்திருக்கும்,
உன் மம்மி