நாலு மணி ஊசி, ஆறரை மணிச் சாப்பாடு

மார்ச் 4
டிரைவர் இன்றும் விழுந்துவிட்டார். இந்தச் சிறையில் இன்சுலின் ஊசி நாலு மணிக்கு. கம்பவுண்டரின் வேலை நேரம் அத்தோடு முடிகிறது. சாப்பாடு ஆறரைக்கு. இடையில் அவருக்குச் சர்க்கரை இறங்கி, சட்டை நனைய வியர்த்து, பக்கத்துப் படுக்கைக்காரனான என்னைக்கூட அடையாளம் தெரியாமல் போகிறது. டீக்கு எடுத்து வைத்திருந்த சர்க்கரையை வாயில் திணித்தேன். கண் திறந்ததும், "வண்டிய ஓரமா நிறுத்தியாச்சா?" என்றார். நிறுத்தியாச்சு என்றேன்.

மார்ச் 9
டிரைவர் பெயரில் மனு எழுதினேன். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் — அவ்வளவுதான். நஷ்டஈடு வேண்டாம் என்று டிரைவரே சொல்லிவிட்டார். நான் கள்ளப் பத்திரம் எழுதி உள்ளே வந்தவன். வெளியே எழுதாத உண்மையை எல்லாம் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே 21
டிரைவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு மணி நேரப் பயணமாம்.

மே 28
மனுவை நடத்திய இலவச வக்கீலின் கடிதம் வந்தது. மனுதாரர் இப்போது அந்தச் சிறையில் இல்லை, ஆகவே உத்தரவிட ஏதுமில்லை, தள்ளுபடி. சட்டப்படி சரிதான். சரிதான், சரிதான் — அந்த மனுஷன் போற வழியில விழுந்திருந்தா யார்ரா பதில் சொல்றது?

ஜூன் 2
புது மனு தயார். கையெழுத்துக்குத்தான் ஆளில்லை. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. பாதிக்கப்படாதவன் மனு போட முடியாது. ஊசி போட்டுக்கொள்ளும் ஏழு பேரிடமும் போனேன். முதலில் பெயர் எழுதுபவனுக்கு மாற்றல் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்களில் ஒருவரான சமையல்காரர் முகத்துக்கு நேரே சொன்னார்: "உனக்கென்னப்பா, எழுதிக் குடுத்துட்டுக் கையத் தட்டிட்டுப் போயிடுவ. எம்பொண்ணு மாசாமாசம் என்னப் பாக்க வர்றா. அவள எட்டு மணி நேரம் பஸ்ல அலையச் சொல்றியா?"
கோழைகள்.

ஜூன் 14
அக்கா வந்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி, வீங்கிய முட்டியோடு. என்னைப் பார்க்க வருபவள் அவள் ஒருத்திதான். "ஊர் வம்ப ஏன்டா விலைக்கு வாங்கற? எப்படி இளைச்சுப் போயிட்ட பாரு" என்றாள். சிறைச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன்.

ஜூன் 20
தாகம். வெயிலாக இருக்கும்.

ஜூலை 3
நாற்பது தாண்டியவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை. கம்பவுண்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "முன்னூத்திப் பத்து. எத்தனை நாளா தாகம் எடுக்குது?" என்றார். நாளை முதல் நாலு மணி வரிசையில் நானும் நிற்க வேண்டும்.
முதலில் தோன்றியது: இனி நான் கையெழுத்துப் போடலாம். அடுத்து அக்காவின் முட்டி. பயமாக இருந்தது. ஊசிக்காக இல்லை.
ஜூன் 2-இல் கடைசியாக எழுதிய வார்த்தையை அடித்துவிட்டேன்.

ஜூலை 5
கையெழுத்துப் போடவில்லை. ஐந்தரைக்குக் கை நடுங்கியது.

ஜூலை 6
போடவில்லை.

ஜூலை 9
விழுந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சமையல்காரர்தான் வாயில் சர்க்கரை போட்டிருக்கிறார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, மனுவை எடுத்து முதல் வரியில் என் பெயரை எழுதினேன். அவர் அதை வாங்கி வாசித்தார். பிறகு, "பேனாவக் குடு" என்றார். மற்ற ஆறு பேரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள்.

ஜூலை 29
மூட்டையைக் கட்டச் சொன்னார்கள். என்னை மட்டும்தான். விசாரணை திங்கட்கிழமை. மற்ற ஏழு பேரும் இங்கேயே இருப்பதால் மனு சாகாது. எட்டுப் பேரையும் ஒரே வாரத்தில் மாற்ற அவர்களிடம் வண்டி கிடையாது.
அக்காவுக்குக் கார்டு எழுதினேன். இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம், புது இடம் ரொம்பத் தூரம், முட்டியைப் பார்த்துக்கொள். கார்டில் பாதி இடம் மிச்சமிருந்தது. சர்க்கரையைப் பற்றி எழுதவில்லை.