அப்பா அறையின் இரண்டாவது நாற்காலி

என் செல்ல மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா பெயரில் கல்லூரி தரும் உதவித்தொகைக்கு முதல் ஆள் கிடைத்தாயிற்று. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ எடுத்ததுமே டிக்கெட் எப்போ போடட்டும் என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்து, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடே வந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டது உண்மைதான். அப்பா போனபிறகு இது அவருடைய வீடாகவே நின்றுவிட்டது, நான் வாடகைக்கு வந்தவள் போல நடமாடிக்கொண்டிருந்தேன், அந்த அறைப் பக்கம் போவதே இல்லை.

ஒவ்வொரு வருஷமும் அப்பா முதல் வகுப்பில் புத்தகத்தையே திறக்கமாட்டார் அல்லவா, பிள்ளைகளை ஆளில்லாத ஏதாவது ஓர் அறைக்குக் கூட்டிப்போய், இங்கே யார் இருந்தார்கள், கண்ணால் பார்ப்பதை மட்டும் வைத்துச் சொல் என்பாரே, அதையே தேர்வாக வைக்கச் சரித்திரத் துறைத்தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரைத்தான் அப்பா அடிக்குறிப்பு என்பார், யார் எது பேசினாலும் கீழே ஒரு வரி சேர்ப்பதால். அவர் வந்து, சாரோட ரூமையே குடுங்களேம்மா என்று கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஆளனுப்பி மேசையையும் அலமாரியையும் துடைத்தார்கள். மதிய வெயில் சாய்ந்து விழுகிற நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், நான் கதவோரம் உட்கார்ந்து கேட்டேன். இடதுகைக்காரர், கிட்டப்பார்வை, டீயை ஆறவிட்டுக் குடிப்பவர் என்று அப்பாவைப் புட்டுப்புட்டு வைத்தார்கள், கேட்கக் கேட்க அவர் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது, எனக்குக் கண் செருகியது. கடைசியில் ஓர் ஒல்லிப் பெண் வந்தாள், மேசைப் பக்கமே போகாமல் ஜன்னலோர நாற்காலி முன்னால் குந்திவிட்டாள். இந்த ரூம்ல ரெண்டு பேர் இருந்திருக்காங்க சார் என்றாள். மெத்தை அமுங்கியிருக்கு, சாயுற இடத்துல தலை எண்ணெய்க் கறை ஒரு பக்கமா இருக்கு, இங்க ஒருத்தங்க தினமும் தூங்கியிருக்காங்க, இந்தப் பக்கத் திரை மட்டும் வெளுத்திருக்கு, எப்பவும் இழுத்தே விட்டிருந்திருக்காங்க, மேசைப் பக்கத் திரை புதுசா இருக்கு, ஆனா மேசை வெளுத்துப்போச்சு, வெயில் தன் மேல படட்டும், இவங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு மேசைக்காரர் நெனச்சிருக்கார், இவங்கதான் கொஞ்ச நாளா வரல, மெத்தை மேல தூசி என்றாள். அடிக்குறிப்புக்கே சேர்க்க ஒரு வரி கிடைக்கவில்லை.

அப்பா பாடத்தை உரக்கப் படித்துப் பார்க்கும்போது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன், ராஜாக்கள் பட்டம் ஏறும் முன்னே தூங்கிவிடுவேன், அது உனக்கும் தெரியும். திரையை இழுத்துவிட்டது எனக்கே தெரியாதடி. இத்தனை வருஷம் வாழ்ந்து, யாரோ ஒரு சின்னப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். உதவித்தொகை அவளுக்குத்தான்.

இப்போதெல்லாம் மதியத்தில் அங்கேதான் இருக்கிறேன். திரையை நானே இழுத்துக்கொள்கிறேன். புத்தகம் மடியில் கிடக்க, பாதித் தூக்கத்தில் எந்த நூற்றாண்டென்று தெரியாத படைகள் சத்தமில்லாமல் போகின்றன, குதிரைகளின் புழுதிகூட மெத்தென்று இருக்கிறது, அப்பா ஏதோ வருஷத்தைத் திருத்திச் சொல்கிறார், நான் உம் கொட்டுகிறேன். கண் விழித்தால் மனசு நிறைந்திருக்கிறது.

அதனால் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, டிக்கெட் இப்போது வேண்டாம், லீவு விட்டதும் நீங்கள் வாருங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, பல் டாக்டரை மறக்காமல் பார். மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வருஷமும் பிள்ளைகள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள், அதற்குள் நான் அங்கே நிறைய இருந்தாக வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா